273 நானோமீட்டரில் காஃபீன் மட்டும் இல்லை

பானங்களில் காஃபீன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது உணவுப் பரிசோதனைக் கூடங்களில் எளிய வேலை என்று பெயரெடுத்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காஃபீன் வெந்நீரில் நன்றாகக் கரையும், சாதாரணச் சூட்டில் சிதையாது, புற ஊதா ஒளியை 273 நானோமீட்டரை ஒட்டி நன்றாக உறிஞ்சும். தூய காஃபீனைத் தண்ணீரில் கரைத்து அளந்தால் செறிவுக்கும் உறிஞ்சலுக்கும் நேர்கோடு அழகாக விழும். இத்தனை வருட அனுபவத்தில் காஃபீன் என்னைப் படுத்தியதே இல்லை. படுத்தியவை எல்லாம் அதோடு சேர்ந்து வரும் பொருள்கள்தான்.

வடித்த காபியை நீர்க்கச் செய்து நேரடியாக ஸ்பெக்ட்ரோமீட்டரில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) வைத்தால் எண் கூடுதலாகத்தான் வரும். காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலங்களும் அதே பகுதியில் ஒளியை உறிஞ்சுகின்றன. தேநீரில் கேட்டகின்கள், கோலாவில் பதப்படுத்தச் சேர்க்கும் பென்சோயேட். கோகோவில் இன்னும் சங்கடம்: தியோபுரோமின், காஃபீனைவிட ஒரே ஒரு மெத்தில் குழு குறைந்த மூலக்கூறு. இரண்டின் உறிஞ்சல் வரைபடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, அளப்பதற்கு முன் பிரித்தாக வேண்டும்.

பழைய வழி டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான். பானத்தில் சோடியம் கார்பனேட் சேர்த்தால் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் உப்பாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும். காஃபீன் கரைப்பானுக்குள் போகும். கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் பிரிபுனலில் அடியில் நிற்கும். புதிதாக வருபவர்கள் வேகமாகக் குலுக்குவார்கள், தேநீராக இருந்தால் நுரைத்த பால்மம் உருவாகி அடுக்கே பிரியாது. மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத்தான் கலக்க வேண்டும். மிஞ்சினால் கொஞ்சம் உப்பு போட்டுக் காத்திருக்கலாம். இப்போது இந்த முறையில் யாருக்கும் அறிக்கை தருவதில்லை. ஆனாலும் பயிற்சிக்கு வருகிறவர்களை, ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் ஒரு முறையாவது இதைச் செய்ய வைக்கிறேன். கரைப்பான் ஆவியான பின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்ணால் பார்த்தவருக்கு, கருவியின் திரையில் மேடாக எழும் கோடு, அதாவது பீக், எதைக் குறிக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்று நம்புவது ஹெச்.பி.எல்.சி.யைத்தான், அதாவது கலவையைத் திரவ ஓட்டத்தோடு ஒரு குழாய் வழியே அழுத்தித் தள்ளி, பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் முறையை. சி-18 என்ற, கொழுப்புத் தன்மையுள்ள துகள்கள் நிரப்பிய குழாய், மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஓட்டம், 273-ஐ ஒட்டி அமைத்த டிடெக்டர். தியோபுரோமின் முதலில் வெளியேறும், அப்புறம் அதன் உறவுப் பொருளான தியோஃபிலின், பிறகு காஃபீன். காபிக்கு ஐ.எஸ்.ஓ. 20481, தேயிலைக்கு ஐ.எஸ்.ஓ. 10727 என்று தரமுறைகள் உண்டு. இரண்டிலும் சாம்பிளை மக்னீசியம் ஆக்சைடோடு சுடுநீரில் வைத்துக் காஃபீனை இறக்குகிறார்கள். அந்த வெள்ளைத் தூள் டானின் போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குழாயின் ஆயுளும் கூடும்.

கருவி சில நிமிடங்களில் எண்ணைக் கொடுத்துவிடும். ஆனால் கோலாவில் வாயுவை முழுதாக வெளியேற்றாமல் பிப்பெட்டில் எடுத்தால், குமிழி இருக்கும் அளவுக்கு எடுத்த கனஅளவு குறையும். அந்தப் பிழையைக் கருவி சரிசெய்யாது. எனர்ஜி டிரிங்க் வந்தால் அதில் சேர்க்கும் டாரின் இடைஞ்சல் செய்யுமோ என்று பலர் கேட்பார்கள். டாரின் இந்த அலைநீளத்தில் தெரியவே தெரியாது. கவனிக்க வேண்டியவை சேர்த்திருக்கும் பி வைட்டமின்கள். எல்லாவற்றிலும் கடினம் காஃபீன் நீக்கிய காபி. தேடும் பொருள் மிகக் குறைவு, மற்ற எல்லாம் முழு அளவில் அப்படியே இருக்கும். நீர்க்கச் செய்து தப்பிக்கவும் வழியில்லை.

அதனால் பீக் அழகாக இருக்கிறது என்பதை மட்டும் நான் ஆதாரமாக ஏற்பதில்லை. பீக்கின் ஏற்றத்திலும் உச்சியிலும் இறக்கத்திலும் உறிஞ்சல் வரைபடம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். சாம்பிளில் தெரிந்த அளவு காஃபீனைச் சேர்த்து, சேர்த்தது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவசரம் என்று வாடிக்கையாளர் சொன்னாலும் இந்த இரண்டையும் விடக்கூடாது.

அறிக்கை எழுதும்போதும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். வடித்த காபி என்றால், அந்த எண் அந்தக் கோப்பைக்கு மட்டுமே பொருந்தும். அரைத்த பதம், நீரின் சூடு, ஊறிய நேரம் மாறினால் அதே பொடியிலிருந்து வேறு எண் வரும். அவற்றையும் எழுதியாக வேண்டும். டின்னில் வரும் பானத்துக்கு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதோடு ஒரு டின்னுக்கான அளவையும் பக்கத்தில் போடச் சொல்கிறேன். லிட்டருக்கு 320 மில்லிகிராம் என்றால் 250 மில்லி டின்னில் 80. குடிப்பவர் லிட்டர் கணக்கில் குடிப்பதில்லை, டின் கணக்கில்தான் குடிக்கிறார்.