மர்மக்கதையைக் காதுக்கு எழுதுவது: புதுச்சேரி, கடலூர் பாட்காஸ்ட்காரர்களுக்கு

அச்சில் படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் நாற்பது பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்வார். பாட்காஸ்ட் கேட்கிறவர் ஈ.சி.ஆரில் பைக் ஓட்டிக்கொண்டோ மீன் ஆய்ந்துகொண்டோ கேட்கிறார். பின்னால் தள்ளிக் கேட்கக் கை ஒழிவதில்லை. நாவலாக எழுதிய துப்பறியும் கதையை அப்படியே மைக் முன்னால் வாசித்தால் சொதப்புவது இதனால்தான். முடிச்சு அவிழும்போது "அட, அப்பவே சொன்னாங்களே" என்று தோன்ற வேண்டும். "இதை எப்ப சொன்னாங்க?" என்று தோன்றினால் அந்தக் கேட்பவர் அடுத்த தொடருக்கு வரமாட்டார்.

முதலில் அளவு. நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும். 20 நிமிட எபிசோடுக்கு 2,000 சொல் போதும். ஒரு எபிசோடில் பேசும் பாத்திரங்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். செல்வி, செல்வம், செல்லம்மா என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் தாளில் பிழைத்துக்கொள்ளும், காதில் குழம்பிவிடும். முதல் எழுத்தும் பெயரின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறட்டும்.

தடயத்தை மூன்று முறை வையுங்கள், மூன்றும் மூன்று வேடத்தில். ஓர் உதாரணம்: கொலை நடந்த நேரத்தில் அந்தத் தெருவில் கரண்ட் இல்லை, செத்தவர் வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லை. முதல் முறை யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் ஃபேன் சுற்றுவது மெல்ல ஓய்கிறது, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா புலம்புகிறார்: "பால்காரன் வரல, டேங்க்ல தண்ணி ஏத்த முடியல, அந்த நாய் வேற குலைச்சுக்கிட்டே இருக்கு." கடைசியாகச் சந்தேகத்துக்குரிய தம்பி சொல்கிறான்: "காலிங் பெல் ரெண்டு தடவை அடிச்சேன் சார், உள்ள சத்தம் கேட்டுச்சு, ஆனா யாரும் திறக்கல." அக்காவின் புலம்பலில் தடயம் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். மூன்று விஷயம் அடுக்கினால் காதில் தங்குவது முதலும் கடைசியும்தான். மறைக்க வேண்டியதை நடுவில் செருக வேண்டும். தடயத்துக்குப் பிறகு உடனே ஒரு அதட்டல், ஒரு சிரிப்பு, ஏதாவது வந்தால் இன்னும் நல்லது.

தமிழில் எழுதுகிறவருக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. "வந்தான்", "வந்தாள்" என்று வினைமுற்றே ஆணா பெண்ணா என்பதைப் போட்டு உடைத்துவிடும். "ஓர் உருவம் வந்தது" என்று கதைசொல்லி இழுத்தால் கேட்பவருக்கு உடனே பொறி தட்டும், சலிப்பும் தட்டும். அந்த இடத்தைச் சாட்சியின் வாயில் கொடுத்துவிடுங்கள். "டாக்டர் வந்தாங்க, பத்து நிமிஷம் பேசிட்டுப் போயிட்டாங்க" என்று வாட்ச்மேன் சொல்வதில் மரியாதைதான் கேட்கும், மறைப்பு கேட்காது. இன்ஸ்பெக்டரும் கேட்பவரும் ஆண் டாக்டர் என்றே எடுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு, நீங்கள் பொய் சொல்லவில்லை.

இனி ஊர்ச் சத்தம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பெரும்பகுதி கருங்கல் அடுக்கியது. அலை கல்லில் அறைந்து, இடுக்கில் புகுந்து கொப்பளிக்கும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணல், அங்கே அலை நீளமாக இழுத்துக்கொண்டு திரும்பும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'கடல் அலை' என்று இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டால் உள்ளூர்க்காரர் காதில் உறுத்தும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. விடியற்காலையில் போனால் ஹாரன் இல்லாமல் பதிவாகும், பகலில் எழும் கடற்காற்றும் அந்நேரம் அவ்வளவாக இருக்காது. அப்படியும் மைக்கில் பஞ்சு உறை இல்லாமல் போகாதீர்கள், காற்று மோதும் 'புடபுட' பிறகு எந்த ஃபில்டரிலும் முழுதாகப் போகாது.

இந்த இரண்டு அலையையும் வைத்து அலிபை (குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம்) உடைக்கலாம் என்று பலருக்கும் ஆசை வரும்: பாண்டியில் இருப்பதாகப் போனில் சொன்னவன் கடலூரில் இருந்தான், அலைச் சத்தம் காட்டிக்கொடுத்தது என்று. நம்ப முடியாது. இப்போதைய போன்கள் விடாமல் ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான் முதலில் வடிகட்டுகின்றன, அலை அதில் அடிபட்டுப் போகும். திடீரென்று வந்து போகும் சத்தம் தப்பிக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ரயில் நல்லது. புதுச்சேரி ரயில் நிலையம் தண்டவாளம் முடியும் இடம், அதைத் தாண்டி எந்த வண்டியும் போவதில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் விழுப்புரம்–மயிலாடுதுறை வழியில் இருக்கிறது. "பாண்டி ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்று சொன்னவனின் குரலுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி வேகம் குறையாமல் கடந்து போனால் அவன் மாட்டிக்கொண்டான். அந்தப் போன் குரலை எடிட்டிங்கில் செய்ய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,400-க்கு மேலும் வெட்டுங்கள். ரயில் சத்தத்தையும் சேர்த்தே அந்த ஃபில்டருக்குள் அனுப்ப வேண்டும். குரல் போனிலும் ரயில் ஸ்டூடியோவிலும் இருப்பதுபோல் கேட்டால் தடயம் அசட்டுத்தனமாகிவிடும்.

வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்குக் கண்டென்சர் மைக் வேண்டாம். தெருமுனை ஸ்பீக்கர், காக்கா, குக்கர் விசில் எல்லாம் அதில் ஏறும். யூ.எஸ்.பி.யில் செருகும் டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள், 'ப' வெடிக்காது. ஃபேனை நிறுத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்து உட்கார்ந்து பேசினால் எதிரொலி பாதி குறையும். உச்சச் சத்தம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பேசத் தொடங்குமுன் பத்து வினாடி அறையின் மௌனத்தைப் பதிவு செய்தால் ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் இரைச்சல் நீக்க அதுவே மாதிரி. நீக்குவதை 8, 10 டெசிபலோடு நிறுத்துங்கள், மேலே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். முடித்த கோப்பு மோனோ (ஒற்றைத் தடம்), சத்தத்தின் சராசரி அளவு மைனஸ் 19 லஃப்ஸ். 96 கே.பி.பி.எஸ். எம்பி3-யில் 20 நிமிடம் சுமார் 14 எம்.பி. வரும். உப்புக்காற்றில் பின்கள் துருப்பிடிக்கும், மைக்கைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

சட்ட விவரத்தில் இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். கதை 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தால் கொலைக்குப் பிரிவு 302 இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. சினிமா பழக்கத்தில் 302 வாயில் வந்துவிடும். இரண்டாவது உயில். "அப்பா மொத்தச் சொத்தையும் இரண்டாம் தாரத்துக்கு எழுதிட்டார்" என்ற கொலை நோக்கம் புதுச்சேரியின் ரெனோன்சான் குடும்பத்தில் எடுபடாது. 1881 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களின் வழியில் வந்தவர்களுக்குப் பழைய பிரெஞ்சு சிவில் சட்டம். அதில் ஒரு பிள்ளை இருந்தால் பாதி, இரண்டு இருந்தால் மூன்றில் ஒன்று, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நாலில் ஒன்றைத்தான் இஷ்டப்படி எழுதிவைக்க முடியும். ஒரு பிள்ளை குறைந்தால் இந்தக் கணக்கு மாறும் என்பது நல்ல எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். இதை ஏன் இன்னும் யாரும் போட்டுப் பிழியவில்லை என்பதுதான் எனக்கு மர்மம்.

சொந்தக் கதை இல்லாமல் பழைய நாவலை வாசிக்கப் போகிறீர்களா? இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை நிற்கும். 1942-ல் மறைந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரை வாசிக்கலாம். 2008-ல் மறைந்த சுஜாதாவுக்கு 2068 முடியும்வரை அனுமதி வேண்டும். கானன் டாயில் 1930-ல் இறந்தார், மூலம் பொதுவுடைமை. ஆனால் போன வருடம் வந்த தமிழ் மொழிபெயர்ப்பு அப்படியல்ல, அது மொழிபெயர்த்தவருடையது. சினிமா பி.ஜி.எம். பக்கமே போகாதீர்கள்.

கேட்டுப் பழக ஆங்கிலத்தில் கரோலின் கிராம்ப்டனின் 'ஷீடன்னிட்' இருக்கிறது. இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே வந்த துப்பறியும் கதைகளை அலசுவது அதன் வேலை. கதையின் முடிவைச் சொல்லப்போகும் இடத்தில் முன்கூட்டியே எச்சரிக்கும் வழக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்றும்போது எபிசோடின் தலைப்பு, விளக்கம், நடிகர் பட்டியல் மூன்றையும் வேறொருவரிடம் காட்டுங்கள். ஆறாம் எபிசோடில் செத்துப்போகிறவர் பெயர் எட்டாம் எபிசோடின் நடிகர் பட்டியலில் இருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும். தானாக எழுத்து வடிவம் உருவாக்கும் தளமென்றால், தேடலில் கொலைகாரன் பெயரோடு கடைசி வரியும் வந்து நிற்கும். கடைசி எபிசோடுக்கு மட்டுமாவது அதை ஒரு வாரம் அணைத்து வையுங்கள்.