கொரியப் போர் பலகை விளையாட்டு: பயமானி ஒருவழியாக வேலை செய்கிறது

வீட்டில் செய்துகொண்டிருந்த கொரியப் போர் பலகை விளையாட்டு முழுசாக ஆடும் நிலைக்கு வந்துவிட்டது. ஒருவர் வாஷிங்டன், இன்னொருவர் மாஸ்கோ, பீஜிங் இரண்டுக்கும் சேர்த்து. வரைபடம் கெட்டி அட்டையில். பழைய கேரம் காய்கள்மேல் காகிதம் ஒட்டியதுதான் படைகள்.

படை நகர்த்தும் விதிகள் சட்டென்று அமைந்தன. 1950 ஜூன் 25, வடகொரியப் படை இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் இணைகோட்டைத் தாண்டுகிறது. தென்கொரியத் தரப்பு ஒடுங்கிய பூசான் மூலை, அமெரிக்கர்களின் இன்ச்சோன் தரையிறக்கம், அப்புறம் அக்டோபரில் வடக்குக்குத் துணையாகச் சீனர்கள். இழுத்தடித்தது அணுகுண்டுச் சீட்டு. தோற்கிற நிலை வந்ததும் மச்சான் அதைப் போட்டுவிடுவார். "கையில சீட்டு இருக்கு, ஏன் மாப்ள போடக்கூடாது?"

நியாயமான கேள்விதான். ஆனால் 1949 ஆகஸ்டிலேயே சோவியத் யூனியன் தன் குண்டை வெடித்துப் பார்த்தாயிற்று. 1950 நவம்பர் 30 அன்று அணுகுண்டும் பரிசீலனையில் உண்டு என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் பத்திரிகையாளர்களிடம் சொல்லப்போக, பிரிட்டன் பிரதமர் அட்லி பதறியடித்து வாஷிங்டனுக்குப் பறந்தார். கூட்டாளிக்கே அந்தப் பயம் என்றால் எதிரிக்கு? ஆகவே இருவருக்கும் பொதுவாக ஒரே பயமானி வைத்தேன். முள் பத்தைத் தொட்டால் இரண்டு பேரும் தோற்றார்கள். யார் தொட வைத்தார் என்ற பேச்சே கிடையாது.

ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது. சீன எல்லையிலுள்ள யாலு ஆற்றுப் பாலத்தை இரண்டு கட்டங்களில் வரைந்திருக்கிறேன். கொரியக் கரைப் பாதியை அமெரிக்கா தாராளமாகக் குண்டுவீசலாம். சீனக் கரைப் பாதியைத் தொட்டால் முள் இரண்டு ஏறும். 1950 நவம்பரில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தருக்கு வந்த அனுமதியும் பாதிப் பாலத்துக்குத்தான். குளிர்காலச் சீட்டு விழுந்தால் ஆறு உறைந்துவிடும், சீனக் காய்களுக்குப் பாலமே தேவையில்லை!

எனக்கு ரொம்பப் பிடித்தது மிக்-15 என்ற சோவியத் போர் விமானத்தின் காய். மேல்பக்கம் வடகொரியச் சின்னம், அடிப்பக்கம் சோவியத் நட்சத்திரம். நிஜத்தில் பல மிக்குகளை ஓட்டியவர்கள் சோவியத் விமானிகள். சீனச் சீருடை போட்டிருந்தார்கள். கடலுக்கு மேலும் போர்முனைக்குத் தெற்கிலும் பறக்கத் தடை. வானொலியில் கொரிய மொழி பேசச் சொல்லியிருந்தது. சண்டை சூடுபிடித்ததும் ரஷ்யன் வந்துவிடும். அமெரிக்கர்கள் அதைக் கேட்டார்கள், வெளியில் சொல்லவில்லை. சொன்னால் உள்நாட்டில் 'ரஷ்யாவை அடி' என்று கூச்சல் கிளம்பும். ஆட்டத்தில் வாஷிங்டன் இந்தக் காயைப் புரட்டிக் காட்டினால் ஒரு பிரச்சாரப் புள்ளி கிடைக்கும், கூடவே முள் மூன்று ஏறும். இதுவரை யாரும் புரட்டவில்லை. மச்சான்கூட விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

முள் ஏறாமல் இருக்க இருவரும் எதையும் கொரியாவுக்குள்ளேயே செய்கிறார்கள். பியோங்யாங் மேல் எத்தனை தடவை குண்டு போட்டாலும் மானி அசையாது. விதி எழுதும்போது இது உறைக்கவில்லை. பலகையில் பார்த்தபோது உறைத்தது. இலட்சக்கணக்கான கொரியர்கள் செத்த போருக்குத்தான் 'வரையறுக்கப்பட்ட போர்' என்று பெயர்.

அதனால் அடுத்த வடிவத்தில் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீக்கும் வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்குக்கும் தனி இருக்கை. கிம்முக்கு ஸ்டாலினை நச்சரிக்கும் சீட்டு தயார். ரீயின் சீட்டு 1953 ஜூன் 18க்கானது: போர்நிறுத்தம் கையெழுத்தாகப்போகும் நேரத்தில் ஏறத்தாழ 27,000 போர்க்கைதிகளை அவர் பாட்டுக்கு முகாம்களிலிருந்து திறந்துவிட்டார். அந்தச் சீட்டுக்கு முள் எத்தனை ஏற வேண்டும் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. மச்சான் மூன்று என்கிறார், எனக்கு ஒன்று போதும் என்று படுகிறது.