பெரட்டுக் களத்தில் பழகிய அணிநடை

எங்கள் பாடசாலை மைதானத்தின் ஒரு மூலை எதிர் மூலையைவிட ஓர் ஆள் உயரம் பள்ளம். அதில் பந்து விளையாடலாம், ஓடலாம். மூன்று வரிசையாக நின்று ஒரே அளவில் அடி வைத்து நடக்க மட்டும் முடியாது. இலங்கை மலையகத்தின் நுவரெலியாவில் நடக்கும் பெப்ரவரி 4 சுதந்திர தின நிகழ்வில் எங்கள் பாடசாலை மாணவர்களும் அணிநடை போகலாம் என்று தெரிந்ததும் அதிபர் முதலில் கேட்டது, "எங்க வச்சுப் பழக்குறது?" என்பதுதான். மலையகத்தில் அணிநடை பழகும் எல்லோருக்கும் முதல் சிக்கல் சமதரைதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் தேயிலைத் தோட்டத்தில் அனுமதி வாங்கி, காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பழகினோம். ஆட்களை மலைக்கு அனுப்பியதும் அந்த இடம் காலியாகிவிடும். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் என்பதால் பின்னேரம் கொழுந்து நிறுக்க வரும் அம்மாமார் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். அப்போது நான் தரம் 12. குரல் பெரிது என்பதால் என்னைக் கமாண்டராகப் போட்டார்கள். குரல் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எங்களைப் பழக்கியவர் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தியத்தலாவ முகாமில் பல வருடம் இருந்தவர், சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். நாங்கள் அவரை சார் என்போம், அவர் எங்களை மகள், மகன் என்பார். முதல் நாளே எங்களை நடக்க விடவில்லை. உயரப்படி நிறுத்தினார். அதற்கே ஒரு முறை இருக்கிறது. மிக உயரமானவர் வலது கோடியில், மிகக் குட்டையானவர் இடது கோடியில் என்று எல்லோரும் ஒற்றை வரிசையில் நிற்க வேண்டும். வலதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை சொல்ல வேண்டும். ஒற்றை எண்காரர்கள் ஓர் அடி முன்னே, இரட்டை எண்காரர்கள் ஓர் அடி பின்னே. பிறகு முதல் ஆள் அசையாமல் நிற்க, ஒற்றை எண்கள் வலப்பக்கமும் இரட்டை எண்கள் இடப்பக்கமும் திரும்பி, நடந்து சுற்றி வந்து மூன்று வரிசையாக அமைவார்கள். முடிவில் இரண்டு ஓரத்திலும் உயரமானவர்கள், நடுவில் குட்டையானவர்கள். பார்ப்பவர்களுக்கு அணி ஒரே சீராகத் தெரியும். எங்கள் குழுவில் தரம் 8 பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த முறை இல்லாவிட்டால் வரிசை பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்திருக்கும்.

இருபத்தேழு பேர், வரிசைக்கு ஒன்பது. யாராவது வராவிட்டால் மூன்றால் பிரிக்க வராது. அப்போது எழும் வெற்றிடத்தை இடது ஓரத்திலிருந்து இரண்டாவது இடத்தில் விட வேண்டும். அதை எங்கும் தெரியாமல் மறைக்கப் பார்க்கக் கூடாது. அதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே அது இருந்தால் குறையாகத் தெரியாது.

அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ் இரண்டையும் பழக நிறைய நேரம் எடுத்தது. அட்டென்ஷனில் குதிகால்கள் ஒட்டி, முன்பாதங்கள் 30 பாகை விரிந்து, கை விரல்களை மூடி, பெருவிரல் உடுப்பின் தையலோடு படிந்து நிற்க வேண்டும். ஸ்டாண்ட் அட் ஈஸ் என்றால் இடது காலைத் தூக்கி 12 அங்குலம் தள்ளி ஊன்றி, முதுகுக்குப் பின்னால் வலது கையை இடது கைக்குள் வைக்க வேண்டும். வலது கால் எதற்கும் நகராது. இதில் சின்னப் பிள்ளைகள்தான் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வரிசையை நேராக்கும் ரைட் டிரெஸ் எனக்கு மிகவும் பிடித்தது. வலது கோடி ஆள் நேரே பார்த்து நிற்க, மற்றவர்கள் தலையை வலப்பக்கம் திருப்பி, கையை நீட்டி, சின்னச் சின்ன அடியாக நகர்ந்து சரிசெய்வார்கள். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து நின்றால் வரிசை வளைந்துவிடும். அவருக்கும் அப்பால் நிற்பவரின் முகத்தின் கீழ்ப்பாதி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை சார் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வரிசை கோணவில்லை.

நடை தொடங்கியதும்தான் மலைப் பிள்ளைகளுக்கே உரிய சங்கடம் தெரிந்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடப்பவர்கள். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ரோட்டுக்கு வரவே படி இறங்க வேண்டும். எங்கள் அடி குட்டையானது, முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்கும், உடம்பு முன்னால் சாயும். இராணுவ நடையின் வழமையான அடி 30 அங்குலம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. தரம் 8 பிள்ளைக்கு 30 அங்குலம் தாவல்தான். அதனால் சார் எங்களுக்கு 27 அங்குலம் என்று வைத்து, களத்தின் நீளத்துக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்குக் கோடு குதிகால் விழ வேண்டும். முதலில் மேளம் இல்லாமல், எண்ணிக்கை இல்லாமல், கோட்டை மட்டும் பார்த்து நடந்தோம். அடியின் நீளம் உடம்பில் படிந்த பிறகுதான் வேகம்.

கை வீசுவதில் எல்லா அணியிலும் ஒரு பிள்ளையாவது மாட்டிக்கொள்ளும். இடது காலோடு இடது கையும் சேர்ந்து போய்விடும். திட்டினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அந்தப் பிள்ளை அதையே யோசித்துக்கொண்டிருப்பதால்தான் அப்படி வருகிறது. சார் அந்தப் பிள்ளையை அணியிலிருந்து வெளியே கூப்பிட்டு, கதை கேட்டபடி சாதாரணமாக நடக்க விடுவார். வீட்டில் யார் யார், என்ன சாப்பிட்டாய் என்று. கை தானாக மாறி வரும். அப்படியே அணிக்குள் சேர்த்துவிடுவார். பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

இனி கமாண்டரின் வேலை. ஒவ்வொரு கட்டளையிலும் இரண்டு பகுதி இருக்கிறது. "க்விக்…" என்பது தயாராகச் சொல்வது, நீட்டிச் சொல்ல வேண்டும். "மார்ச்!" என்பது செய்யச் சொல்வது, குட்டையாக, வெட்டினாற்போல. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் இருபத்தேழு பேரும் மூச்சை எடுத்து ஒரே நேரத்தில் இடது காலை முன்வைக்கத் தயாராகிறார்கள். இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு நாள் நீளமாக, ஒரு நாள் குட்டையாக விட்டால் பிள்ளைகள் ஊகிக்கத் தொடங்குவார்கள். ஊகித்தால் ஆளுக்கொரு நேரத்தில் கால் எழும்பும்.

நடக்கும்போது நிறுத்துவது அதைவிட நுணுக்கம். "ஹால்ட்!" என்ற சொல் இடது கால் தரையில் படும்போது விழ வேண்டும். அதற்குப் பிறகு வலது ஓர் அடி, அப்புறம் இடது ஊன்றி வலதைச் சேர்த்தால் நின்றாயிற்று. வலது கால் படும்போது சொன்னால் பாதிப் பேர் ஓர் அடி கூட வைப்பார்கள், பின்வரிசை முன்வரிசையில் இடிக்கும். அணியைத் திருப்புவதற்கும், தலையைத் திருப்பும் "ஐஸ் ரைட்!" கட்டளைக்கும் இப்படிக் கால் கணக்கு உண்டு. நான் பாடசாலைக்குப் போகும் வழியெல்லாம் உதட்டுக்குள் லெஃப்ட், லெஃப்ட் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கொஞ்ச நாளில் கால் எது என்று யோசிக்காமலே சொல் சரியான இடத்தில் விழத் தொடங்கியது.

குரலுக்கு சார் தந்த பயிற்சி வேறு. அணியை ரோட்டில் நிறுத்திவிட்டு என்னைத் தேயிலை மலையில் ஏற்றி, கட்டளை சொல்லச் சொல்வார். "மகள், தொண்டையில கத்தாதீங்க. வயிற்றில இருந்து வரணும்." காற்று எதிரே வந்தால் தொண்டைச் சத்தம் பத்து மீட்டரில் கரைந்துவிடும். வயிற்றிலிருந்து எழும் சத்தம் கீழே வரைக்கும் போகும். அந்த நாட்களில் அம்மா இஞ்சியும் கொத்தமல்லியும் கொதிக்க வைத்துத் தந்தார். அது இல்லாமல் என் தொண்டை தாங்கியிருக்காது.

மேளம் வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. பெரிய மேளத்தின் அடி இடது காலுக்கு. மேளம் பக்கத்தில் இருந்தும் பின்வரிசை சிலர் மாற்றி மாற்றி வைத்தார்கள். சார்தான் எதிர் மலையைக் காட்டினார். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒவ்வோர் அடிக்கும் அரை நொடி. சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எதிர்ச்சரிவு 85 மீட்டர் தூரத்தில் இருந்தால் மேளச் சத்தம் போய்த் திரும்பிவரச் சரியாக அரை நொடி, அதாவது எதிரொலி வலது காலில் வந்து விழும். எங்கள் களத்துக்கு எதிரே பாறை மலை அந்தத் தூரம்தான் இருக்கும். அன்றிலிருந்து காதை விட்டுவிட்டு, முன்னால் போகிறவரின் குதிகாலைக் கண்ணோரத்தில் வைத்து நடக்கப் பழகினோம். மலை சூழ்ந்த மைதானத்தில் பழகும் எந்த அணியும் முதலில் கைதட்டி எதிரொலியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுதந்திர தினத்தில் நடக்கப் போகிறேன் என்றதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது, அதே வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தாத்தா அந்தக் காலம் முழுவதையும் பார்த்தவர். கடைசியில், "போறதா இருந்தா ஒழுங்கா நட. நம்ம புள்ளைங்க தலை குனிஞ்சு நடந்தாங்கனு ஒருத்தனும் சொல்லப்படாது" என்றார். அவர் சொன்னதை அடுத்த நாள் அணிக்கு அப்படியே சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் நடந்த நடை தனி.

விழாவுக்கு முன் ஒத்திகையில் நடைமுறைகளைக் கற்றோம். பார்வையிட வருபவர் வரிசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும் என்றால் "ஓப்பன் ஆர்டர் மார்ச்" சொல்ல வேண்டும். முன்வரிசை இரண்டு அடி முன்னே, பின்வரிசை இரண்டு அடி பின்னே போகும், நடுவரிசை அசையாது. கொடி ஏறும்போதும் தேசிய கீதத்தின் போதும் அட்டென்ஷன். உயிர் நீத்தவர்களுக்கான இரண்டு நிமிட மௌனத்திலும் அப்படியே. எங்கள் பாடசாலையில் தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவோம். 2016இல் கொழும்பு தேசிய விழாவிலும் அது தமிழில் பாடப்பட்டது, அந்த வருடத்தைப் பற்றி எங்கள் ஆசிரியர்கள் இன்றும் பேசுவார்கள்.

சல்யூட் பற்றி ஒரு விஷயம். எங்கள் அணிக்குத் தொப்பி கிடையாது, வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும்தான். பிரித்தானிய வழி வந்த இராணுவ மரபில் தலையில் தொப்பி இல்லாமல் கையால் சல்யூட் அடிப்பதில்லை. அதனால் மேடையைக் கடக்கும்போது "ஐஸ் ரைட்!" சொல்லி நானும் தலையைத் திருப்பினேன், கை பக்கத்திலேயே இருந்தது. வலது ஓரத்தில் முதலில் நடப்பவர் மட்டும் நேரே பார்ப்பார். எல்லோரும் திரும்பினால் அணி மேடையை நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும். எங்களுக்கு அந்த இடத்தில் தரம் 10 தம்பி ஒருவன். மேடையில் யார் இருந்தார்கள் என்று அவன் மட்டும் பார்க்கவில்லை.

பெப்ரவரி அதிகாலையில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில் நீண்ட நேரம் நின்றால் மயக்கம் வருமா என்று பெற்றோர் பயந்தார்கள். அசையாமல் முழங்காலை விறைத்து நின்றால் வெயிலிலும் வரும், குளிரிலும் வரும். கால் தசை அசையாததால் இரத்தம் கால்களில் தங்கி, தலைக்குப் போவது குறைகிறது. முழங்காலைப் பூட்டாமல், சப்பாத்துக்குள் கால்விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வெளியே தெரியாது. வெறும் வயிற்றோடு யாரையும் பஸ்ஸில் ஏற்றக் கூடாது. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போய், இறங்கியதும் சாப்பிட வைத்தோம். ஒருவரும் விழவில்லை.

மைதானத்தில் நாங்கள் நடந்தது சில நிமிடங்கள்தான். எங்கள் பாடசாலைப் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. ஹால்ட் இடது காலில் விழுந்தது. தாத்தா வரவில்லை, ஆனால் பக்கத்து லயத்து மாமா போனில் எடுத்ததை அன்று இரவே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கலையும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பல அணிகள் இதைக் கவனிப்பதில்லை. "டிஸ்மிஸ்!" என்றதும் அப்படியே சிதறக் கூடாது. எல்லோரும் வலப்பக்கம் திரும்பி, சற்று நின்று, பிறகே நடந்து கலைய வேண்டும். இந்த வருடம் தரம் 11 தங்கச்சி ஒருத்தி கமாண்டர். சனிக்கிழமைகளில் நான் ரோட்டில் நிற்கிறேன், அவள் மலையில் ஏறிக் கட்டளை சொல்கிறாள். "ஹால்ட்" இன்னும் கொஞ்சம் முந்தி வருகிறது, மற்றதெல்லாம் சரி.