சுழற்சி என்றால் சின்ன மழை இல்லை

"குமரிக்கடல் மற்றும் அதனை ஒட்டிய பகுதிகளின் மேல் ஒரு வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி நிலவுகிறது." ஐப்பசி பிறந்துவிட்டால் வானிலை அறிக்கையில் இந்த வரி அடிக்கடி காதில் விழும். 'புயல் இல்லைல்லா, வெறும் சுழற்சிதானே' என்று சொல்லிவிட்டு நம்மூர் ஆட்கள் நெல்லைக் களத்தில் காயப் போடப் போய்விடுவார்கள்.

சுழற்சி, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று இதில் ஒரு படிவரிசை உண்டு. மேலே காற்று சுழல்கிறது, ஆனால் கடல்மட்டத்தில் அழுத்தம் இன்னும் பெரிதாக இறங்கவில்லை என்றால் அது சுழற்சி. அழுத்தம் இறங்கி, காற்று மணிக்கு 31 கி.மீ.க்குள் இருந்தால் தாழ்வுப் பகுதி. 49 வரை தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல்; பெயர் வைப்பதும் அப்போதுதான். கவனித்தால், எல்லாப் படியும் காற்றைப் பற்றியது. மழைக்கு இதில் ஒரு படிகூடக் கிடையாது.

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணிக் கரையை மூழ்கடித்தது அப்படி ஒரு பெயரில்லாச் சுழற்சிதான். 18-ம் தேதி காலை 8.30-க்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மி.மீ., திருச்செந்தூரில் 689 மி.மீ. வேகமாக நகரும் புயல் சில மணி நேரத்தில் கடந்து போய்விடும். இது போகவில்லை. கிழக்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்து இழுத்து ஒரே சீமையில் கொட்டிக்கொண்டே இருந்தது. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 946 மி.மீ. என்பது ஒரு சென்ட் மனைக்கு 38,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணி லாரி மூன்றைக் கவிழ்த்தாலும் அந்தக் கணக்கு முடியாது.

மழைக்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன, பார்க்க வேண்டியது அவற்றைத்தான். ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, அதற்கு மேலே போனால் அதி கனமழை. 'அதி'க்கு மேல் சொல் இல்லை என்பதால் 21-ம் 95-ம் ஒரே பெயரில்தான் வரும்.

'ஓரிரு இடங்களில்' என்பதையும் பேச்சுவழக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைமானிகளில் கால்வாசிக்குள் மழை பதிவாகும் என்று அதற்குப் பொருள். பாதி வரை 'ஒருசில', முக்கால் வரை 'பல', அதற்கு மேல் 'பெரும்பாலான'. ஆடியில் நெல்லை மாவட்டத்துக்கு 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று வந்தால் மாஞ்சோலை மலைமேல் இருக்கும் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மலை மறைவில் கிடக்கும் பாளையங்கோட்டைக்குக் காற்றும் புழுதியும்தான்.

வீட்டில் மழை அளக்கிறவர்கள் வாளியில் ஸ்கேலை விட்டுப் பார்க்கிறார்கள். அது பொய் சொல்லும். வாய் 30 செ.மீ., அடி 22 செ.மீ. அகலமுள்ள வாளியில் 1 செ.மீ. மழை ஏறத்தாழ 1.8 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அகலமான வாய் பிடித்த தண்ணீர் குறுகலான அடியில் போய்ச் சேருகிறதே! உயரத்தை விட்டுவிட்டு அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். 30 செ.மீ. வாய்க்கு 707 மி.லி. சேர்ந்தால் 1 செ.மீ. மழை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் காற்றுச் சுழித்துக் கணக்கு குறையும். தரையில், மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். காலை 8.30-க்கு எடுப்பது அன்றைய தேதிக் கணக்கு, முந்தின நாள் பகலில் பெய்தது உட்பட. 'நேத்துதானே பெஞ்சுது, இன்னைக்குன்னு போட்டிருக்கான்' என்ற குழப்பம் இதனால்தான்.

கடல் பக்கம் வந்தால், 'குளச்சல் முதல் கீழக்கரை வரை 2.5 மீட்டர் அலை' என்பது மிக உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. நடுவே தனியாக ஒன்று 5 மீட்டரை நெருங்கியும் வரலாம். ஆனால் உவரி, இடிந்தகரைக்காரர்கள் உயரத்தைவிட அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது நல்லது. உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை 6, 7 நொடிக்கு ஒன்று வரும். ஆழ்கடலில் அதன் நீளம் 55 முதல் 75 மீட்டர் சுமார். 16 நொடிக்கு ஒன்று வந்தால் நீளம் 400 மீட்டர். அவ்வளவு நீளமான அலையை இங்குள்ள காற்று உண்டாக்காது. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலிலிருந்து ஒரு வாரம்போலப் பயணம் செய்து வந்திருக்கும். அதுதான் கள்ளக்கடல்: காற்று இல்லை, மேகம் இல்லை, கடல் மட்டும் ஏறும். பத்து அலை கரைக்கு வர எத்தனை நொடி என்று எண்ணிப் பத்தால் வகுங்கள். 15-க்கு மேல் வந்தால் வள்ளத்தை இன்னும் மேலே இழுத்துப் போடுங்கள். இவை கூட்டங்கூட்டமாக வரும். பத்து நிமிஷம் அமைதியாகக் கிடந்தது என்று பாறையில் இறங்கி நிற்பது ஆபத்து.

திருச்செந்தூரில் 'கடல் உள்வாங்கியது' என்று வரும் செய்திக்கு முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் கூடுதல், ஏற்றமும் கூடுதல். மன்னார் வளைகுடாவில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கரை சரிவு குறைந்த இடத்தில் அதுவே நெடுந்தூரம் பாறையைக் காட்டிவிடும். வற்றம் ஆறு மணி நேரமாக மெல்ல இறங்கும். சில நிமிஷத்தில் தண்ணீர் ஓடிப்போனால் மட்டும் அது சுனாமியாக இருக்கலாம்; செல்ஃபி எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.