ஓபர்காசல் குட்டி

2024 மார்ச் 3, ஞாயிறு

ஓநாய் மனிதரோடு சேர்ந்த கதையைத் தேடிப் படித்தால், வேட்டைத் துணை, இரவுக் காவல் என்று பெரும்பாலும் பயனையே முதலில் சொல்கிறார்கள். எனக்கோ ஒரு குட்டியின் தாடை எலும்பு மனத்தை விட்டு அகலவில்லை. 1914இல் ஜெர்மனியின் பான் நகரையொட்டிய ஓபர்காசலில் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள், செந்நிறப் பொடி படிந்த ஓர் ஆணின் எலும்புக்கூட்டையும் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூட்டையும் கண்டெடுத்தார்கள். அவற்றோடு கிடந்த தாடையை ஓநாயுடையது என்றே குறித்து வைத்தார்கள். அது நாய் என்று தெரிய 1970களின் பிற்பகுதி வரை ஆயிற்று. அந்தப் புதைகுழியின் வயது ஏறத்தாழ 14,200 ஆண்டுகள். உழவு தோன்றாத காலம்; ஆடு மாடுகளைக்கூட யாரும் பழக்கியிருக்கவில்லை.

மார்ச் 6, புதன்

குப்பைமேட்டைத் தேடி வந்த ஓநாய்களே நாய்களாயின என்பது பலர் சொல்லும் கருத்து. இடம் பெயர்ந்துகொண்டே இருந்த வேட்டைக்காரர்களிடம் அவ்வளவு குப்பை எங்கிருந்து வந்திருக்கும்? 2021இல் பின்லாந்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுகிறது. கடுங்குளிரில் விலங்குகளின் உடலில் கொழுப்பு வற்றிவிடும். கொழுப்பில்லாத இறைச்சியை மட்டுமே தின்றால், மனிதக் கல்லீரல் அத்தனை புரதத்தைத் தாங்காது. ஓநாயோ மாதக்கணக்கில் அதைத் தின்றே வாழும். ஆகவே வேட்டையில் மிஞ்சியதை ஓநாய்க்குட்டிக்குப் போடுவதில் யாருக்கும் வயிறு காயவில்லை. ஆனால் பிறந்த சில நாட்களிலேயே எடுத்து, இரவும் பகலும் உடனிருந்து வளர்த்தால்தான் ஓநாய்க்குட்டி மனிதரிடம் ஒட்டும். அந்த உழைப்பை யாரோ செய்திருக்கிறார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

2018இல் வெளிவந்த ஆய்வை இன்று படித்து முடித்தேன். ஓபர்காசல் குட்டியின் பல் எனாமலில் இருந்த பள்ளங்களைக் கொண்டு, ஏறக்குறைய 19 வார வயதில் அதற்கு டிஸ்டெம்பர் என்னும், நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய் கண்டிருக்க வேண்டும் என்றும், மூன்று முறை நோய் முற்றியும் ஏறக்குறைய 28 வார வயது வரை அது உயிரோடு இருந்தது என்றும் கணித்திருக்கிறார்கள். டிஸ்டெம்பர் வந்த குட்டியை நானும் பார்த்திருக்கிறேன்: கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும், வெந்நீரில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும், மூக்கு வறண்டு வெடிக்கும், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் புகட்ட முடியும். அந்த நிலையில் வேட்டைக்கும் காவலுக்கும் அந்தக் குட்டி சற்றும் உதவியிருக்காது. இருந்தும் அதைத் துடைத்து, குளிர் படாமல் வைத்து, வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். இறந்தபின் தங்கள் மனிதர்களோடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள்.

அதே குழியில் வயதில் மூத்த இன்னொரு நாயின் கடைவாய்ப்பல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. நாளை அதைப் பற்றிய பகுதியை மறுபடி படிக்க வேண்டும்.