இல்லாத 11 இதழ்கள்

நான் பணியாற்றிய பல்கலைக்கழக நூலகம் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் இருந்தது. அங்கே பருவ இதழ்களுக்குப் பட்டியல் எழுதும் பிரிவில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மறைந்த வாசகர் ஒருவரின் காமிக்ஸ் சேகரிப்பு நூலகத்துக்குக் கொடையாக வந்தது. அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில், ஒவ்வோர் இதழும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், முதுகுக்கு ஓர் அட்டைத் துண்டு வைக்கப்பட்டு, வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தது. அவர் எதையெல்லாம் விரும்பிப் படித்தார் என்பது பெட்டிகளைத் திறந்த சில நாட்களிலேயே விளங்கிவிட்டது. மார்வெல் நிறுவனம் 1967-இல் அறிமுகப்படுத்திய விண்வெளி வீரனான 'கேப்டன் மார்வெல்' தொடர்பான அனைத்தையும் அவர் சேர்த்திருந்தார். அந்தப் பெட்டிகளை முறைப்படுத்தி, ஒவ்வொரு தலைப்புக்கும் பட்டியல் பதிவு எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

அந்த வீரனின் பெயர் மார்-வெல். கிரீ என்னும் வேற்றுக்கோள் பேரரசின் படைத்தலைவனாகிய அவன், பூமியை உளவு பார்க்க அனுப்பப்பட்டு, பின்னர் பூமியின் பக்கம் நிற்கத் துணிந்தவன். அவன் முதன்முதலில் தோன்றியது 1967 டிசம்பர் தேதியிட்ட 'மார்வெல் சூப்பர்-ஹீரோஸ்' இதழில். ஸ்டான் லீ எழுத, ஜீன் கோலன் வரைந்த அந்த இதழின் எண் 12. கொடையாளரின் பெட்டியிலும் அந்தத் தொடர் 12-இல்தான் தொடங்கியது. முதல் 11 இதழ்கள் தொலைந்துவிட்டன என்று நான் முடிவு செய்து, அவற்றை வீட்டில் தேடிப் பார்க்க இயலுமா என்று கொடையாளரின் மகளுக்குக் கடிதம் எழுதினேன். அவர் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டுப் பரண் முழுவதையும் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று வருத்தத்துடன் பதில் அனுப்பினார்.

அவர் தேடிய இதழ்கள் அந்தப் பெயரில் அச்சானவையே அல்ல. 1966 முதல் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்துவந்த 'ஃபேன்டசி மாஸ்டர்பீசஸ்' என்னும் இதழ், 11-ஆம் எண்ணோடு அந்தப் பெயரைக் கைவிட்டு, 12-ஆம் எண்ணிலிருந்து 'மார்வெல் சூப்பர்-ஹீரோஸ்' ஆனது. பெயர் மாறியது, எண்வரிசை மாறவில்லை. புத்தம் புதிய நாயகன் ஒருவன் 12-ஆம் இதழில், அதுவும் பாதிக்கு மேல் மறுபதிப்புப் பக்கங்கள் நிறைந்த இதழில் பிறந்ததற்குக் காரணம் இதுதான். முந்தைய தலைப்பையும் பிந்தைய தலைப்பையும் ஒன்றோடொன்று இணைத்து எழுதுவது பருவ இதழ்ப் பட்டியலாக்கத்தின் அரிச்சுவடி. அதைச் சரிபார்க்காமல், துக்கத்தில் இருந்த ஒரு குடும்பத்தைப் பரண் ஏற வைத்தேன் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு மறுகடிதம் எழுதிய அன்றே, இந்த வீரனின் வெளியீட்டு வரலாற்றை முதலிலிருந்து கற்றுக்கொண்ட பிறகே அடுத்த பதிவைத் தொடுவது என்று தீர்மானித்தேன்.

கற்கத் தொடங்கியபோது, கதை மார்-வெல்லுக்கு ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்திருப்பதை அறிந்தேன். 'கேப்டன் மார்வெல்' என்ற பெயர் முதலில் ஃபாசெட் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. பில் பார்க்கரும் சி. சி. பெக்கும் உருவாக்கி, 1940 பிப்ரவரி தேதியிட்ட 'விஸ் காமிக்ஸ்' இதழில் அறிமுகமான அந்த நாயகன், 'ஷசாம்' என்று உச்சரித்ததும் பெரும்பலசாலியாக மாறும் பில்லி பேட்சன் என்ற சிறுவன். 1940-களில் சூப்பர்மேனுக்கு நிகராக, சில ஆண்டுகள் அதற்கும் மேலாக, அவனுடைய இதழ்கள் விற்றன. சூப்பர்மேனைப் பார்த்து எழுதப்பட்ட நகல் அவன் என்று, இன்று டிசி என்று அறியப்படும் நேஷனல் நிறுவனம் தொடுத்த வழக்கு பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. மேல்முறையீட்டில் 1951-இல் நீதிபதி லேர்னெட் ஹேண்ட் அளித்த தீர்ப்பு நேஷனலுக்குச் சாதகமாக அமைய, 1953-இல் ஃபாசெட் 4,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு அந்த நாயகனை நிறுத்திவிட்டது. உரிமை கோருவார் யாருமின்றி அந்தப் பெயர் சந்தையில் கிடந்தது. 1966-இல் எம். எஃப். என்டர்பிரைசஸ் என்ற சிறு நிறுவனம் அதை எடுத்து, உடலுறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பறக்கவிடும் இயந்திர மனிதன் ஒருவனுக்குச் சூட்டி, சில இதழ்களிலேயே நின்றுபோனது.

மார்வெல் நிறுவனத்தின் உரிமையாளர் மார்ட்டின் குட்மேன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய நாயகன் வேறொருவர் கையில் இருப்பதை அவர் விரும்பவில்லை. கதைக்கும் ஓவியத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் இதழின் தலைப்பாக நிற்கும் பெயரைக் காப்பது வணிகக்குறிச் சட்டம். அந்தச் சட்டத்தின் இயல்பு, பயன்படுத்துபவருக்கே பெயர் நிலைக்கும் என்பது. 1946-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, தொடர்ந்து 2 ஆண்டுகள் பயன்படுத்தாத குறி கைவிடப்பட்டதாகக் கருதப்பட இடமுண்டு (இந்தக் காலவரம்பு 1990-களில்தான் 3 ஆண்டுகளாக உயர்ந்தது). ஆகவே, சொல்வதற்கு ஒரு கதை இருந்ததால் மார்-வெல் பிறக்கவில்லை. காப்பாற்ற ஒரு பெயர் இருந்ததால் பிறந்தான். இதை அறிந்தபோது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் உறை போட்டுப் பாதுகாத்த அந்த வாசகரின் அன்பு, ஒரு வணிகக் கணக்கின் மேல் படர்ந்த கொடியோ என்று எண்ணினேன்.

1968 மே தேதியில் 'கேப்டன் மார்வெல்' என்ற தலைப்பிலேயே தனி இதழ் தொடங்கியது. அதன் பின்னணியும் கதைக்கு வெளியேதான் இருக்கிறது. அதுவரை மார்வெல் இதழ்களைக் கடைகளுக்கு விநியோகித்துவந்த இன்டிபென்டன்ட் நியூஸ் என்ற நிறுவனம், போட்டியாளரான நேஷனலுக்கே உரியது. மாதத்துக்கு மிகச் சில இதழ்களுக்கு மேல் மார்வெல் வெளியிட முடியாதபடி அது 1957 முதல் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1968-இல் அந்தக் கட்டு தளர்ந்ததும், ஓர் இதழில் இருவராக இடம் பகிர்ந்துகொண்டிருந்த நாயகர்கள் தனித்தனி இதழ் பெற்றார்கள். அயர்ன் மேன் 1-ஆம் எண்ணில் தொடங்க, கேப்டன் அமெரிக்கா பழைய இதழின் எண்வரிசையைச் சுமந்துகொண்டு 100-ஆம் எண்ணில் தொடங்கினார். ஒரே பருவத்தில் பிறந்த தொடர்களுக்கு இப்படி வெவ்வேறு தொடக்க எண்கள் இருப்பதைக் கண்டு என்னைப் போலவே குழம்பிய பட்டியலாளர்கள் பலர் இருப்பார்கள்.

பதிவு எழுதும்போது மேலுறையை நம்பக் கூடாது என்பதை அந்த மாதங்களில் என் மேலாளர் எனக்குக் கற்றுத்தந்தார். மேலுறைச் சித்திர எழுத்து விற்பனைக்கானது. சட்டப்படியான தலைப்பு, உள்ளே முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும். மேலுறைத் தேதியும் வெளியான நாளைக் குறிப்பதில்லை. கடைக்காரர் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு மூன்று மாதம் முன்தேதியிட்டே அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்கள் வந்தன. பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

அந்தப் பொடி எழுத்துகளை வரிசையாகப் படித்தால், தடுமாறும் ஒரு தொடரின் நாடித்துடிப்பு தெரிகிறது. முதலில் மாத இதழ். வெள்ளையும் பச்சையுமான படைச்சீருடையில் வலம் வந்த மார்-வெல்லுக்கு 1969-இல் ராய் தாமஸும் கில் கேனும் சிவப்பும் நீலமுமான புதிய உடை தந்து, ரிக் ஜோன்ஸ் என்ற இளைஞனோடு அவனைப் பிணைத்தார்கள். இருவரில் ஒருவர் இவ்வுலகில் இருக்கையில் மற்றவர் 'எதிர்மறை வெளி' என்னும் வேற்றுலகில் காத்திருக்க வேண்டும், மணிக்கட்டு வளையங்களை மோதினால் இடம் மாறலாம் என்ற அமைப்பு ஃபாசெட்டின் பில்லி பேட்சனை நினைவூட்டியது. 19-ஆம் இதழ் 1969 டிசம்பரில் வந்தது. 20-ஆம் இதழ் 1970 ஜூனில்தான் வந்தது. 21-ஆம் இதழ் ஆகஸ்டில் வந்த பிறகு 25 மாதம் அமைதி. 22-ஆம் இதழில் உள்ள தேதி 1972 செப்டம்பர். எண்வரிசையில் ஒரு விடுபடலும் இல்லை, காலத்தில் மட்டும் பள்ளம். இடைப்பட்ட நாட்களில் 'அவெஞ்சர்ஸ்' இதழில், கிரீக்களுக்கும் அவர்களுடைய பகை இனமான ஸ்க்ரல்களுக்கும் நடந்த போர்க் கதையில் அவன் விருந்தாளியாக உயிர்வாழ்ந்தான்.

பிறகு வந்தவர்தான் ஜிம் ஸ்டார்லின். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றித் திரும்பி, காமிக்ஸ் துறைக்குப் புதியவராக நுழைந்த அவரிடம், அதிகம் பேர் கவனிக்காத இந்தத் தொடர் 25-ஆம் இதழிலிருந்து (1973 மார்ச்) ஒப்படைக்கப்பட்டது. 34-ஆம் இதழ் (1974 செப்டம்பர்) வரை அவர் அதில் இருந்தார். நடத்தும் கட்டாயம் இருந்து, எதிர்பார்ப்புக் குறைவாக இருந்த இதழில் ஓர் இளைஞருக்கு எவ்வளவு சுதந்திரம் கிடைக்கும் என்பதை அந்தப் பத்து இதழ்களில் பார்க்கலாம். சற்று முன்பு 'அயர்ன் மேன்' 55-ஆம் இதழில் தாம் அறிமுகம் செய்த தானோஸை, மரணத்தையே காதலிக்கும் கொடுங்கோலனாக, இங்கே அவர் முழுமையாக வளர்த்தார். 29-ஆம் இதழில், படைவீரனாகப் பிறந்த மார்-வெல், தான் செய்த கொலைகளின் பாரத்தை எதிர்கொண்டு, அண்டம் முழுவதையும் உணரும் விழிப்பைப் பெறுகிறான். அந்தப் பக்கங்களில் முகத்தின் பாதி இருளாக, விண்மீன்கள் தெரிய வரையப்பட்டிருக்கும். நூலகப் பணிக்கு அவசியமில்லாத நேரத்தை அந்தப் பக்கங்களுக்குக் கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வணிகக்குறிக் கணக்கைப் பற்றி நான் அடைந்த ஏமாற்றம் அங்கே கரைந்தது. பெயரைக் காக்க ஓர் இதழ் அச்சாகியே தீர வேண்டியிருந்ததால்தான், அந்த இளைஞருக்கு எழுத ஓர் இடம் கிடைத்தது.

அந்தத் தொடர் 1979 மே தேதியிட்ட 62-ஆம் இதழோடு நின்றது. இதற்கிடையே ஃபாசெட்டின் பழைய நாயகனை 1972-இல் உரிமம் பெற்று மீட்டுவந்த டிசி நிறுவனம், பெயர் மார்வெல்லிடம் இருந்ததால், அவனுடைய இதழுக்கு 'ஷசாம்!' என்று தலைப்பிட வேண்டியிருந்தது. சொந்தப் பெயரைத் தன் இதழின் தலையில் எழுத முடியாத நாயகனுக்கும், பெயருக்காகவே படைக்கப்பட்ட நாயகனுக்கும் நான் அடுத்தடுத்துப் பதிவு எழுதினேன். இருவரையும் மயக்கமின்றிப் பிரித்துக்காட்டும் குறிப்பை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

கொடையின் கடைசிப் பெட்டியில், மற்றவற்றோடு அடங்காமல் தட்டையாகப் படுக்கவைக்கப்பட்டிருந்தது 1982-இல் வெளியான 'கேப்டன் மார்வெலின் மரணம்'. சாதாரண இதழ் 60 சென்ட் விற்ற ஆண்டில், பெரிய அளவில் நல்ல தாளில் 5.95 டாலர் விலைக்கு வந்த அந்த நூல், 'மார்வெல் கிராஃபிக் நாவல்' வரிசையின் முதலாவது. ஸ்டார்லினே எழுதி வரைந்தது. 34-ஆம் இதழில் நைட்ரோ என்ற எதிரியோடு போரிட்டபோது மார்-வெல் சுவாசித்த நச்சுவாயு, எட்டாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படுகிறது. அவனுக்கு வலிமை தந்த வளையங்களே நோயைத் தாமதப்படுத்தி, மருந்தையும் தடுத்துவிடுகின்றன. பூமியின் அறிவாளிகள் அனைவரும் கூடியும் வழி கிடைக்கவில்லை. பகைவர்களான ஸ்க்ரல்கள்கூட ஒரு தளபதியை அனுப்பிப் பதக்கம் அளித்து மரியாதை செய்கிறார்கள். சனிக் கோளின் நிலவான டைட்டனில், நண்பர்கள் சூழ, படுக்கையில் அவன் இறக்கிறான். ஸ்டார்லின் தம் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரைச் சுமந்தே அவர் இந்த நூலைச் செய்தார்.

பெயர் மட்டும் அந்த ஆண்டே வேறொருவரிடம் சென்றது. 1982-இன் 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' ஆண்டு மலரில் ரோஜர் ஸ்டெர்னும் ஜான் ரோமிட்டா ஜூனியரும் அறிமுகம் செய்த மோனிகா ராம்போ என்ற கறுப்பினப் பெண் புதிய கேப்டன் மார்வெல் ஆனார். அவருக்குப் பின் மார்-வெல்லின் மகன் ஜெனிஸ்-வெல்லும் வேறு சிலரும் அந்தப் பெயரை ஏந்தினார்கள். 1968 மார்ச்சில் மார்-வெல்லின் இரண்டாம் கதையிலேயே பாதுகாப்பு அதிகாரியாகத் தோன்றிய கேரல் டேன்வர்ஸ், 2012-இல் கெல்லி சூ டிகானிக் எழுதிய தொடரில் அதைப் பெற்று இன்றுவரை வைத்திருக்கிறார். மீண்டும் மீண்டும் 1-ஆம் எண்ணிலிருந்து தொடங்கிய அவருடைய தொடர், 2017-இல் திடீரென்று பழைய இதழ்களையெல்லாம் கூட்டி 125-ஆம் எண்ணுக்குத் தாவியது. அந்த ஒரு பதிவுக்கு நான் எழுதிய குறிப்பு, மற்ற எல்லாவற்றையும்விட நீளமானது.

உயிர்த்தெழாத காமிக்ஸ் நாயகர்கள் அரிது. நினைவாகவும் ஆவியாகவும் போலி உருவாகவும் மார்-வெல் இடையிடையே தலைகாட்டியிருக்கிறான். ஆயினும் அந்த 1982-ஆம் ஆண்டு மரணத்தை மாற்றி எழுத எவரும் நிலையாகத் துணியவில்லை. கொடையாளர் அந்த நூலின் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை, உறையும் மாற்றவில்லை. ஆனால் அந்த ஒரு நூலின் மூலைகள் மட்டும் பலமுறை புரட்டித் தேய்ந்திருந்தன. அவர் எந்த நோயால் இறந்தார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய மகளும் சொல்லவில்லை.

அந்த நூலை எப்படிப் பதிவு செய்வது என்பதில் எனக்கும் மேலாளருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. வரிசை எண் இருப்பதால் தொடர் வெளியீட்டின் முதல் உறுப்பாக, ஒரே பதிவில் மற்றவற்றோடு சேர்க்கலாம் என்பது அவர் எண்ணம். நடைமுறைப்படி அது தவறில்லை. தனி நூலாகவே பட்டியலிட வேண்டும், ஆசிரியர் பெயராக ஸ்டார்லின் முன்னால் வர வேண்டும், தேடுபவருக்கு அது 62 இதழ்களின் அடியில் புதைந்துவிடக் கூடாது என்று நான் வாதிட்டேன். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பதிவை எழுதி முடித்ததும், 1968-இன் தொடருக்கும் 1967-இன் 12-ஆம் இதழுக்கும் அதிலிருந்து இணைப்புகள் கொடுத்து, கொடையாளரின் பெயரைக் கடைசி வரியில் சேர்த்தேன். பிறகு அந்தப் பதிவை அச்செடுத்து, பரணில் தேடச் சொன்னதற்காக இன்னொரு முறை வருத்தம் தெரிவித்து, அவருடைய மகளுக்கு அனுப்பிவைத்தேன்.