உண்ட வீட்டுக்கு இரண்டகம்

மார்ச் 3

எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் வீட்டுக்கு அழைத்து விருந்தளித்த ஆங்கிலேயச் சீமாட்டி லேடி ஆட்டலைன் மோரெலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். 1873-ல் பிறந்தவர். ஆறாவது போர்ட்லண்ட் டியூக்குக்குத் தங்கை; அப்பா ஒருவர், அம்மா வேறு. ஆறடியை நெருங்கும் உயரம், அதற்கு மேல் ஒரு பிரம்மாண்டமான தொப்பி. 1902-ல் பிலிப் மோரெல் என்ற வழக்கறிஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் பிறகு லிபரல் கட்சி எம்.பி. ஆனார். லண்டன் பெட்ஃபோர்ட் சதுக்கத்தில், 44-ஆம் எண் வீட்டில் வியாழக்கிழமை மாலைகளில் கூட்டம் சேரும். அரசியல்வாதியும் கையில் காசில்லாத ஓவியரும் ஒரே கூடத்தில். யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதே பெரிய வேலைதான்.

மார்ச் 5

நேற்றெல்லாம் நேரமில்லை. இன்று கார்சிங்டன்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பழைய மாளிகையை வாங்கி, 1915-ல் குடிபோனார்கள். போர் மூண்ட நேரம். 1914 ஆகஸ்ட் 3 அன்று நாடாளுமன்றத்தில் போர் வேண்டாம் என்று எழுந்து பேசிய சிலரில் பிலிப்பும் ஒருவர். அதற்கப்புறம் அவருடைய அரசியல் எழுந்திருக்கவே இல்லை. 1916-ல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ஆயுதம் எடுக்க மனசாட்சி ஒப்பாதவர்கள் விவசாயம் போன்ற வேலை பார்த்தால் விலக்கு கிடைக்கும். சரி, நம் பண்ணைக்கு வாருங்கள் என்று ஆட்டலைன் கூப்பிட்டுக்கொண்டார். கலை விமர்சகர் கிளைவ் பெல் மண்வெட்டியோடு நிற்பதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. பொருளாதாரம் படித்த ஜெரால்ட் ஷோவ் கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். உழைத்ததைவிடப் பேசியதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் இவர்களில் பலருக்கு இந்தப் பண்ணை இல்லையென்றால் சிறைதான்.

அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர்கள் யார்? நான் படித்த பக்கங்களில் அவர்கள் எட்டிப்பார்த்ததோடு சரி.

மார்ச் 8

இன்று கோபமாகவே இருக்கிறது.

நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் கார்சிங்டனில் தங்கி, சாப்பிட்டு, நட்பாகப் பழகியவர். அப்புறம் ‘விமன் இன் லவ்’ நாவலில் ஹெர்மயனி ராடிஸ் என்றொரு பாத்திரம்: சீமாட்டி, அறிவுப்பசி நடிப்பு, பிறரை ஆட்டிவைக்கும் வெறி. ஒரு காட்சியில் காதலனின் மண்டையில் கல்லால் அடிக்கவும் செய்கிறாள். கையெழுத்துப் பிரதியிலேயே ஆட்டலைன் தன்னைக் கண்டுகொண்டார். பிலிப் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். நாவல் 1920-ல் வெளிவந்தே தீர்ந்தது. முறிந்த நட்பு மறுபடி ஒட்டப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

எழுத்தாளனுக்கு எல்லாமே கச்சாப்பொருள் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நம்மூரில் சொல்வது இதைத்தானே?

மார்ச் 9

எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் விடவில்லை. அதே பண்ணையில் விறகு வெட்டியவர். ஆட்டலைன் அடைக்கலம் கொடுத்திருந்த பெல்ஜிய அகதிப்பெண் மரியாவை அங்கேதான் சந்தித்து, 1919-ல் மணந்தார். 1921-ல் அவருடைய ‘க்ரோம் யெல்லோ’ நாவல் வந்தது. அந்த வீடும் விருந்தினர்களும் கேலிச்சித்திரமாக. பெண்டாட்டி கிடைத்த வீட்டையாவது விட்டுவைத்திருக்கலாம்!

மார்ச் 14

ஆட்டலைனைத் தியாகியாக்கவும் மனம் வரவில்லை. பெரிய மனிதர்களைச் சேர்ப்பதில் அவருக்கு ஆசை இருந்தது. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு 1911-ல் தொடங்கிய காதலும் ரகசியமாக நிற்கவில்லை. ரஸ்ஸல் அவருக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் ஏறக்குறைய 2000. பிலிப்பும் யோக்கியமில்லை.

ஆனால் ஓவியர் அகஸ்டஸ் ஜான் ஆட்டலைனை வரைந்த ஓவியத்தை இன்று வெகுநேரம் பார்த்தேன். பெரிய கருப்புத் தொப்பி, கழுத்தில் முத்துமாலை, லேசாகத் திறந்த வாயில் பல் தெரிகிறது. யாராவது இப்படி வரைந்தால் நான் பரணில் போட்டிருப்பேன். இவர் அதை வாங்கித் தன் வீட்டிலேயே மாட்டினார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, ஆட்டலைனிடமும் கேமரா இருந்தது. புல்வெளியில் சாய்வு நாற்காலியில் கவிஞர்கள் எலியட், யேட்ஸ், நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃப் என்று வந்தவர்களையெல்லாம் எடுத்துத் தள்ளியிருக்கிறார். லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் கேலி எதுவும் என் கண்ணில் படவில்லை. 1938-ல் அவர் இறந்தபோது ‘டைம்ஸ்’ இதழில் அஞ்சலி எழுதியவர்களில் உல்ஃபும் ஒருவர். முதுகுக்குப் பின்னால் அவரும் குறைவாகவா கிண்டல் செய்தார்?